மணி அடிக்கும் மானி

உயர்தரம் இரண்டாம் ஆண்டு, பௌதிக விஞ்ஞானப் பிரிவு

நமது பௌதிகவியல் செய்முறைகளில் மானிக்கு முன்னால் எப்போதும் ஒரு மனிதர் இருப்பார். வேணியர் இடுக்கியோ, நுண்மானித் திருகுக் கணிச்சியோ, மீற்றர்ப் பாலத்தின் கல்வனோமானியோ, எதுவானாலும் கண்ணை நேராக வைத்து வாசிப்பை எடுத்துக் கொப்பியில் எழுதுவது நாம்தான். ஊசி நடுங்கினால் அது நிற்கும்வரை காத்திருக்கிறோம். கம்பி கழன்றிருந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. மின்சாரம் போனால் "டீச்சர், கரண்ட் இல்லை" என்கிறோம். இவற்றை யாரும் அளவீட்டின் ஒரு பகுதியாக எண்ணுவதில்லை. அந்த மனிதரை அகற்றிவிட்டு அங்கே ஒரு கணினியை வைத்துப் பாருங்கள். அவர் எத்தனை வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரியவரும்.

கணினி ஒன்று வடத்தின் மறுமுனையிலிருந்து மானியை ஆள்வது எப்படி, அதைவிட முக்கியமாக, மானி தன் நிலையைக் கணினிக்குச் சொல்வது எப்படி என்பதுதான் இக்கட்டுரை. பாடப்புத்தகத்தில் இது இல்லை. எனது தாத்தாவின் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தால் இது எங்கள் வீட்டுக்குள் வந்தது. (எம்மவர் அல்லாத வாசகர்களுக்கு: இங்கே தாத்தா என்பது மூத்த சகோதரி. வெண்தாடியைக் கற்பனை செய்ய வேண்டாம்.)

அவர் பொறியியல் பீட மாணவி. சூடாக்கிய உலோகக் கட்டி ஒன்றில் தெர்மிஸ்டரை ஒட்டி, அது இரவெல்லாம் மெதுவாகக் குளிரும்போது தடை எவ்வாறு மாறுகிறது என்று அளக்க வேண்டும். "பெண்பிள்ளை விடிய விடிய ஆய்வுகூடத்தில் நிற்க வேண்டுமா?" என்பதே உம்மாவின் முதல் கேள்வி. விடுதிக் கதவும் அதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்டது. நிற்கத் தேவையில்லை, கணினி பார்த்துக்கொள்ளும் என்று தாத்தா சொன்னார். கணினி உண்மையிலேயே பார்த்துக்கொள்ளுமா என்பதில்தான் முழு விடயமும் அடங்கியிருக்கிறது.

அவருக்குக் கிடைத்த கருவி 34401ஏ என்னும் இலக்கப் பல்மானி. ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் 1990களில் விற்கத் தொடங்கிய, ஆறரை இலக்கங்கள் வரை காட்டும் மேசைக் கருவி. பழையது என்று முகம் சுளிக்க வேண்டாம். உலகின் பல ஆய்வுகூடங்களில் அது இன்னும் வேலை செய்கிறது. அதன் முதுகில் 24 ஊசிகளைக் கொண்ட ஓர் அகன்ற செருகித்தளம் இருக்கிறது. அதே நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் தன் கருவிகளைக் கணினியோடு இணைக்க உருவாக்கிய முறை அது. 1975இல் ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்ற பெயரில் பொது நியமமாயிற்று. ஜி.பி.ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சமிக்ஞைக் கம்பிகள் 16. அவற்றுள் எட்டு தரவுக்கு. மிகுதி எட்டும், யார் பேசுவது, யார் கேட்பது, கேட்டாயிற்றா என்ற ஒழுங்குகளுக்கு. கணினியோடு சேர்த்து 15 சாதனங்கள் வரை ஒரே தொடரில் இணையலாம். ஒவ்வொன்றுக்கும் வீட்டிலக்கம் போல ஒரு முகவரி உண்டு.

ஆனால் 1975இன் நியமம் கம்பியைப் பற்றிப் பேசியதே தவிர மொழியைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு கருவியும் தன் பாட்டில் ஒரு பாஷை பேசியது. 1987இல் வந்த 488.2 என்ற நியமம்தான் எல்லாக் கருவிகளும் தம் நிலையை ஒரே விதமாகச் சொல்ல வேண்டும் என்று வகுத்தது. 1990இல் ஸ்கிப்பி என்ற பொதுக் கட்டளை மொழியும் சேர்ந்தது. என்னைக் கேட்டால் இவற்றுள் பெரிய காரியம் 1987இல் நடந்ததுதான். கட்டளை இடுவது இலகு. கட்டளை வாங்கியவன் "முடிந்தது", "விளங்கவில்லை", "எனக்கு ஏதோ நடந்துவிட்டது" என்று நேர்மையாகத் திருப்பிச் சொல்ல ஓர் ஒழுங்கு வேண்டுமே.

இனி அந்த இரவு வேலையைப் பார்ப்போம். ஒரு வெப்பநிலைக்கு 100 வாசிப்புகள் எடுத்து அவற்றின் சராசரியைக் காண வேண்டும். ஒவ்வொரு வாசிப்பையும் மானி உடனே எடுத்துவிடுவதில்லை. சுவரிலிருந்து வரும் ஆடலோட்ட மின்சாரத்தின் இரைச்சல் எல்லாக் கம்பிகளிலும் சிறிது ஏறியிருக்கும். ஆடலோட்டத்தின் முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்தால் மேலே போன அளவும் கீழே போன அளவும் ஒன்றையொன்று அழித்துவிடும். எனவே மானி ஒரு வாசிப்புக்குப் பத்துச் சுற்றுகள் அளக்கிறது. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; ஒரு சுற்று 20 மில்லிசெக்கன்; பத்துச் சுற்று 200 மில்லிசெக்கன். போதாததற்கு, ஒவ்வொரு வாசிப்புக்கும் பின் தன் பூச்சியத்தையும் அது ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறது. நேரம் இரட்டிக்கிறது. ஆக 100 வாசிப்புகளுக்கு 40 செக்கன்.

தாத்தாவுக்கு முதலில் கிடைத்த செய்நிரல், அமெரிக்காவில் யாரோ ஒரு மாணவர் எழுதி இலவசமாகப் பகிர்ந்தது. அதில் "அளக்கத் தொடங்கு" என்று ஒரு வரி, "35 செக்கன் பொறு" என்று அடுத்த வரி, "விடையைத் தா" என்று மூன்றாவது வரி. விடைக்காக மேலும் இரண்டு செக்கன் பார்த்துவிட்டுக் கணினி கைவிட்டுவிடும். அங்கே அது வருடக்கணக்காக ஒழுங்காக ஓடியிருக்கும். இங்கே ஒரு தடவைகூட ஓடவில்லை. மானி பழுது, வடம் பழுது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

காரணம் சுவருக்குள் இருந்தது. அமெரிக்க மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அங்கே பத்துச் சுற்றுக்கு ஏறத்தாழ 167 மில்லிசெக்கன்தான். இரட்டித்து நூறால் பெருக்கினால் 33 செக்கனும் சொச்சமும். 35 போதும். இந்த மானியோ, எந்த நாட்டு மின்சாரத்தில் செருகினாலும் அதன் அதிர்வெண்ணைத் தானே அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும். இலங்கைக்கு வந்ததும் அது நியாயமாக 40 செக்கன் எடுத்தது. செய்நிரல் 37ஆவது செக்கனில் எழுந்து போய்விட்டது. மூன்று செக்கன் வித்தியாசம்.

சரி, 60 செக்கன் பொறு என்று மாற்றினால் என்ன? ஓடும். ஒவ்வொரு புள்ளிக்கும் 20 செக்கன் வீணாகும். 200 புள்ளிகள் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நேரத்தை விடுங்கள். கட்டி நமக்காகக் காத்திருக்காமல் குளிர்ந்துகொண்டே போகிறதே! அதைவிடக் கூடாத காரியம், 60 என்பதும் ஊகம்தான். நாளை 200 வாசிப்பு வேண்டும் என்று யாராவது ஓர் எண்ணை மாற்றினால் பழைய கதை மறுபடி தொடங்கும்.

இரண்டாவது வழி, "முடிந்ததா? முடிந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. உம்மா வட்டிலப்பத்தை அவிய வைத்துவிட்டுத் தங்கைக்குச் சொல்வது இதற்குப் பொருந்தும்: மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் அது அவியாது. கணினி வேறு வேலை பார்க்க முடியாது. ஒரே வடத்தில் வேறு கருவிகள் இருந்தால் அவற்றுக்கும் வழி கிடைக்காது.

மூன்றாவது வழிதான் இந்த முறையின் அழகு. 16 கம்பிகளில் ஒன்றின் பெயர் எஸ்.ஆர்.கியூ., அதாவது சேவை வேண்டுகோள். நமது பஸ்ஸில் மேலே ஓடும் மணிக்கயிற்றை எண்ணிக்கொள்ளுங்கள். எந்தப் பயணியும் இழுக்கலாம். இருவர் ஒரே நேரத்தில் இழுத்தாலும் சண்டை இல்லை, மணி அடிக்கும். சாரதி ஒவ்வோர் ஆளிடமும் "இறங்கவா, இறங்கவா" என்று கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதில்லை. பாதையைப் பார்த்து ஓட்டுகிறார். மணி கேட்டால் கவனிக்கிறார். தற்செயலாக, ஆங்கிலத்தில் இந்தக் கம்பித் தொகுதிக்கும் பஸ் என்றுதான் பெயர்.

ஆனால் மணியில் ஆளின் பெயர் இருக்காது. யார் இழுத்தது என்று நடத்துநர் கேட்க வேண்டும். அதுபோலக் கணினி, மணி கேட்டதும் ஒவ்வொரு முகவரியாகக் கூப்பிட்டு "நீயா?" என்று கேட்கிறது. இதைத் தொடர் வினவல் என்று சொல்லலாம். கேட்கப்பட்ட கருவி ஒரேயோர் எண்ணைத் திருப்பித் தரும். அதுதான் நிலைப் பைட்.

தகவல் தொழினுட்பப் பாடத்தில் துவித எண் படித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். பைட் என்றால் எட்டுப் பிட்டுகள். எட்டுச் சின்ன ஆளிகள். ஒவ்வொன்றின் நிறையும் 1, 2, 4, 8, 16, 32, 64, 128. நிலைப் பைட்டில் 64 என்ற பிட் எழுந்திருந்தால் "மணி அடித்தது நான்தான்" என்று பொருள். 32 எழுந்திருந்தால் "என் பொதுச் சம்பவப் பதிவேட்டில் ஏதோ எழுதப்பட்டிருக்கிறது". 16 என்றால் "நீ வாசிக்காத விடை ஒன்று என்னிடம் இருக்கிறது". 8 என்றால் "நான் தரும் எண் சந்தேகத்துக்குரியது". ஆகவே 96 என்று வந்தால் 64உம் 32உம். 72 என்று வந்தால் 64உம் 8உம். துவித எண்ணுக்கு இப்படியொரு பயன் இருக்கும் என்று பத்தாம் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஆசையாகப் படித்திருப்போம்.

பொதுச் சம்பவப் பதிவேடு என்பது பாடசாலை லொக் புத்தகத்தைப் போன்றது. இன்னோர் எட்டு ஆளிகள். 1 என்றால் சொன்ன வேலை முடிந்தது. 4 என்றால் கேள்வி பதிலில் குழப்பம். 8 கருவிக்குள் ஏதோ கோளாறு. 16, கட்டளை விளங்கியது ஆனால் செய்ய முடியாதது. 32, கட்டளையே விளங்கவில்லை. 128, நான் அணைந்து மறுபடி உயிர்பெற்றிருக்கிறேன். மிகுதி இரண்டும் நமக்கு இங்கே தேவையில்லை.

இந்தப் பதிவேட்டின் குணம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பவம் நடந்து முடிந்துபோனாலும் எழுதியது அழியாது. மழை விட்டாலும் முற்றத்து வாளியில் தண்ணீர் நிற்பதுபோல. கணினி ஒருமுறை வாசித்ததும்தான் அது வெறுமையாகும். வாசித்தலே துடைத்தல். எனவே ஒரே மானியை இரண்டு செய்நிரல்கள் வாசித்தால், முந்தியவருக்கு முழுச் செய்தியும் பிந்தியவருக்குப் பூச்சியமும் கிடைக்கும். பிந்தியவர் "ஒன்றும் நடக்கவில்லை" என்று நம்பிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் நிம்மதி இராது. எதற்கு அடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்ல இரண்டு கட்டளைகள் உள்ளன. அவற்றின் ஆங்கில எழுத்துகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். முன்னால் வரும் நட்சத்திரக் குறி, இது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கட்டளை என்பதற்கு அடையாளம்.

முதலில் "*சீஎல்எஸ்", பழைய பதிவுகளைத் துடைக்க. அடுத்து "*ஈஎஸ்ஈ 189". லொக் புத்தகத்தில் எவற்றை மேலே அறிவிக்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. முடிந்தது என்பதற்கு 1, பிழைகளுக்கு 4, 8, 16, 32, மின்சாரம் போய் வந்ததற்கு 128. கூட்டிப் பாருங்கள், 189. பிறகு "*எஸ்ஆர்ஈ 40". நிலைப் பைட்டின் எந்தப் பிட்டுகளுக்கு மணி அடிக்கலாம் என்பது இது. லொக் புத்தகத்துக்கு 32, சந்தேகத்துக்கு 8. கடைசியாக, சந்தேகப் பதிவேட்டில் தடை எல்லை மீறியதைக் குறிக்கும் 512 என்ற பிட்டையும் திறந்துவிட வேண்டும். 10 கிலோ ஓம் வீச்சில் வைத்த மானி 12 கிலோ ஓம் வரை தாங்கும். அதற்கு மேல் போனாலோ, கம்பி கழன்று தடை முடிவிலியானாலோ இந்தப் பிட் எழும்.

இப்போது 100 வாசிப்புக்கான ஒழுங்கைச் சொல்லி, "இனிட்" என்று தொடக்கி, கடைசியில் "*ஓபீசீ" என்று ஒரு வார்த்தை. "இதெல்லாம் முடிந்ததும் லொக் புத்தகத்தில் 1 என்று எழுது" என்பதே அதன் பொருள். கணினி அத்தோடு தன் வேலையைப் பார்க்கலாம். 40 செக்கனோ 33 செக்கனோ, முடிந்த கணத்தில் மணி அடிக்கும். 96 வரும். "*ஈஎஸ்ஆர்?" என்று லொக் புத்தகத்தைக் கேட்டால் 1 வரும். "ஃபெட்ச்?" என்றால் நூறு வாசிப்புகளும் வரும். எந்த நாட்டு மின்சாரம் என்ற கேள்வியே இல்லை.

சிறிய வித்தியாசம் ஒன்று. நிலைப் பைட்டைக் கேட்க "*எஸ்ரீபீ?" என்ற கட்டளையும் உண்டு. அது மற்றக் கட்டளைகளோடு வரிசையில் நின்று தன் முறை வந்த பிறகே பதில் பெறும். தொடர் வினவலோ வரிசைக்கு வெளியே போய்க் கேட்பது. மானி வேலையில் மூழ்கியிருக்கும்போது கேட்க ஏற்றது தொடர் வினவல்தான்.

முடிந்ததற்கு மணி அடிப்பது வசதி. முடியாததற்கு மணி அடிப்பதுதான் இரவுக்குத் தேவையானது. பழைய செய்நிரல் தோல்வியுற்றபோதெல்லாம் மானி சும்மா இருக்கவில்லை. விடையைக் கேட்ட கணினி அதை வாங்காமலே அடுத்த கட்டளையை அனுப்பியபோது, மானி அந்த விடையைக் கைவிட்டு, தன் பிழை வரிசையில் -410 என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தது. கேள்வி இடைமறிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். அந்த வரிசையில் 20 பிழைகள் வரை நிற்கும். முகப்பில் எரர் என்ற சிறிய எழுத்தும் எரிந்துகொண்டிருந்தது. "சிஸ்ட்:எர்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் வடத்தைக் குறை சொன்ன நாட்கள் மிச்சமாகியிருக்கும்.

இலங்கையில் இருக்கும் நமக்கு 128 என்ற பிட் விசேடமானது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அவ்வளவு இல்லை. ஆனால் நள்ளிரவில் ஐந்து நிமிடம் போனாலே போதும். மடிக்கணினிக்கு மின்கலம் இருக்கிறது, அது அணையாது. மானிக்கு இல்லை. மின்சாரம் திரும்பியதும் மானி விழித்தெழும். ஆனால் தடை அளக்கும் மானியாக அல்ல. இந்த மானி விழிக்கும்போது எப்போதும் நேரோட்ட வோல்ற்றளவையே அளக்கும். கணினிக்கு அது தெரியாது. வோல்ற்றில் வரும் பூச்சியத்துக்குக் கிட்டிய எண்களை ஓம் என்று நம்பி விடியும்வரை எழுதிக்கொண்டே போகும். எண்ணில் அலகு ஒட்டியிருப்பதில்லையே.

இதற்கு ஒரு கட்டளை உண்டு: "*பீஎஸ்சீ 0". சாதாரணமாக மின்சாரம் போனால் மணி அடிப்பதற்கான அனுமதிகளும் அழிந்துவிடும். இந்தக் கட்டளை கொடுத்திருந்தால் மேலே சொன்ன 189உம் 40உம் மின்வெட்டிலும் அழியாமல் நிற்கும். மானி கண் விழித்த உடனே முதல் வேலையாக மணி அடிக்கும். கணினி 96ஐக் கண்டு, லொக் புத்தகத்தில் 128ஐக் கண்டு, எல்லா ஒழுங்குகளையும் புதிதாகக் கொடுத்து, வெட்டு நேர்ந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு தொடரும். வரைபில் ஐந்து நிமிட இடைவெளி இருக்கும். இடைவெளி இருப்பது பரவாயில்லை. பொய் எண் இருப்பதுதான் பரவாயில்லை என்று விடக்கூடாதது.

தாத்தா இந்த வரிகளைச் சேர்த்த பிறகு ஓடிய முதல் இரவில் கணினி எழுதிய குறிப்பை நான் பார்த்தேன். பெரும்பாலும் 96, 96, 96. விடியற்காலையில் மட்டும் ஓரிடத்தில் 104. 64, 32, 8. வேலை முடிந்திருக்கிறது, ஆனால் எண்ணைச் சந்தேகி என்று மானி சொல்கிறது. அறை எதிர்பார்த்ததைவிடக் குளிர்ந்து, தெர்மிஸ்டர் 12 கிலோ ஓமைத் தாண்டியிருந்தது. செய்நிரல் வீச்சை 100 கிலோ ஓமுக்கு உயர்த்திவிட்டுத் தொடர்ந்திருந்தது. தாத்தா அந்நேரம் விடுதியில் உறங்கிக்கொண்டிருந்தார். உம்மாவும்தான்.

இப்போது வரும் கருவிகளில் அகன்ற செருகித்தளம் குறைந்து, யூ.எஸ்.பி.யும் வலையமைப்பு வடமும் வந்துவிட்டன. மொழி மாறவில்லை. அதே எட்டு ஆளிகள், அதே நிறைகள். யூ.எஸ்.பி.யில் மணிக்கயிறு என்று தனியாக ஒரு கம்பி இல்லை. அந்த வேண்டுகோளைச் சுமக்க வேறொரு தனிப் பாதை ஒதுக்கியிருக்கிறார்கள்.

வாசித்து வந்த தோழிகளுக்கு ஒரு கணக்கு. இதே 189, இதே 40. மணி அடிக்கிறது. தொடர் வினவலில் 112 வருகிறது. லொக் புத்தகத்தைத் திறந்தால் 4. மானியிடம் வாசிக்காத விடை ஒன்று காத்திருக்கிறது. கணினி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தது. இருக்கும் விடை எந்தக் கேள்விக்குரியது? அதை முதற் கேள்வியின் விடையென்று எண்ணிக் கொப்பியில் எழுதினால் என்ன நடக்கும்? விடை கண்டவர்கள் இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வரலாம்.